இரண்டு கிழட்டுக் குதிரைகளும் ஒரு சைக்கிளும்

பாரிஸில் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது, "மகள் என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால் அம்மா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்லுவார். ஒரு கிழமை நான் கொம்பியூட்டரில் வேலை. அடுத்த கிழமை சித்திர ரீச்சர். ஒருமுறை, கேட்டவர் எனக்கு மாப்பிள்ளை பேசும் யோசனையில் இருந்தவர் என்பதால், "பேப்பரில வேலை" என்று சொல்லி, நான் பத்திரிகை நிருபர் என்று அவரை நம்பவைத்துவிட்டார்.

"ஏனம்மா, படம் கீறுறா எண்டு சொன்னால் என்ன?" என்று ரயிலில் வரும்போது கேட்டேன்.

"கீறுறா எண்டு சொன்னால், அதுக்குச் சம்பளமும் தருவினமோ எண்டு கேப்பினம். பிறகு அதுக்கும் நான்தானே மறுமொழி சொல்லவேணும்" என்றார் அம்மா.

நான் சித்திரக்கதை வரைகிறவள். அனிமேஷன் படங்களும் செய்கிறேன். என் புத்தகங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் வந்திருக்கின்றன. தமிழில் நன்றாகக் கதைப்பேன், சண்டையும் பிடிப்பேன். ஆனால் ஒரு கதையை எழுத உட்கார்ந்தால் பிரெஞ்சுதான் முன்னுக்கு வந்து நிற்கும். இப்போது இதைத் தமிழில் எழுதுவதற்குள் மூன்று பேனையைக் கடித்துவிட்டேன்.

பிறந்தது ஊர்காவற்றுறை என்ற தீவூரில். கடற்றொழில் செய்த குடும்பம். யுத்தம் காரணமாக அப்பா முதலில் பிரான்ஸுக்குப் போனார். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். நான் போய் இறங்கியபோது எனக்கு எட்டு வயது, அங்கே கடும் குளிர்காலம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் மாதத்தில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, "வணக்கம்", "நன்றி", "கழிப்பறை" ஆகிய மூன்றும்தான்.

அந்த மாதத்தில்தான் என் சப்பாத்து கூரைக்குப் போனது. இடைவேளையில் பந்து என் பக்கமாக உருண்டு வந்தது. ஓங்கி உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. சப்பாத்து பறந்து போய்க் கழிப்பறைக் கட்டடத்தின் மேலே விழுந்தது. அது ஒரு அளவு பெரிது, அடுத்த வருடமும் போடலாம் என்று அம்மா வாங்கித் தந்தது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வகுப்புக்குப் போனேன். ஆசிரியை என் காலைப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ கேட்டார். சொல்ல எனக்குச் சொல் இல்லை. அவருடைய மேசையில் இருந்த தாளை எடுத்து நான்கு பெட்டி கீறினேன். முதல் பெட்டியில் நானும் பந்தும். இரண்டாவதில் தூக்கிய கால். மூன்றாவதில் பந்து அங்கேயே இருக்க, சப்பாத்து பறக்கிறது. நான்காவதில் கூரையில் சப்பாத்து; பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு காகம்.

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் சிரித்தார். காவலாளி ஏணியோடு வந்தார். உண்மையில் கூரையில் காகம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெட்டி வெறுமையாக இருந்ததால் நான் போட்டது. அந்த இரண்டு பேரும் கூடுதலாகச் சிரித்தது அந்தக் காகத்துக்குத்தான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அங்கே மேசைகளுக்குத் துணி விரிப்பதில்லை. ஒரு பெரிய கடதாசிச் சுருளிலிருந்து வெட்டி விரிப்பார்கள். சுருளின் கடைசித் துண்டுகளை எறிந்துவிடாமல் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். வேறு பிள்ளைகள் பக்கம் பக்கமாக வரைந்தபோது நான் முழம் முழமாக வரைந்தேன். சாப்பாட்டு மேசையிலிருந்து கதவு வரை ஒரே கதை போகும். அம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டார்.

தென்மேற்குப் பிரான்ஸில் சித்திரக்கதையை ஒரு படிப்பாகவே படிக்கக்கூடிய ஒரு சிறிய நகரம் இருக்கிறது. அங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எல்லோரும் கறுப்புக் கோப்புகளோடு வந்திருந்தார்கள். நான் கையில் ஒரு கடதாசிச் சுருளோடு போய் நின்றேன். அதை விரிக்க அந்த அறை போதவில்லை. நடைவழியில் விரித்தோம். தேர்வாளர்கள் மூன்று பேரும் குனிந்தபடி கதையோடு கூடவே நடந்தார்கள். அவர்களில் வயதானவர் பாதி வழியில் முழங்காலில் இருந்துவிட்டார். "முடிவு எங்கே?" என்று கேட்டார். "கடதாசி முடிந்துவிட்டது" என்றேன். எனக்கு இடம் கிடைத்தது.

படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு ரி.வி. தொடரில். அதில் ஒரு வாத்து. இரண்டு குளிர்காலம் நான் அந்த வாத்தை நடக்கவைத்தேன். அனிமேஷனில் நடை என்பது லேசான காரியம் இல்லை. ஒரு அடி வைப்பதற்கு உடம்பு எங்கே சாயும், தலை எப்போது எழும்பும் என்று படம் படமாக வரையவேண்டும். கொஞ்சம் பிழைத்தாலும் வாத்து வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். அம்மா முதல்முறை ரி.வி.யில் அதைப் பார்த்தபோது என் பெயரைத் தேடினார். அது கடைசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிப்போய்விட்டது. பிறகு வாத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"உது சின்னம்மா நடக்கிற மாதிரியெல்லோ நடக்குது!"

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. ஊர்காவற்றுறையிலேயே இருப்பவர். சிறு வயதில் அவருக்குப் பின்னால் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து திரிந்தவள் நான். அம்மா சொன்ன பிறகு திரும்பப் பார்த்தேன். வலது தோளை முன்னால் தள்ளி, யாரோ வழிமறிக்கப்போகிறார்கள் என்பதுபோல நடக்கும் அதே நடை. அம்மா உடனே போன் எடுத்துத் தங்கைக்குச் சொன்னார், நீ பிரான்ஸில் வாத்தாக வந்திருக்கிறாய் என்று. சின்னம்மா மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

என் முதல் புத்தகம், பாரிஸின் புறநகர் மண்டபங்களில் நடக்கும் நம் கல்யாண வீடுகளைப் பற்றியது. அதில் அம்மாவும் வருகிறார், கொஞ்சம் பெரிய மூக்கோடு. அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கக் கஷ்டம். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போய், சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்து, கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "மூக்கு ஏன் இவ்வளவு பெரிசு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோது புத்தகம் அவருடைய கைப்பைக்குள் இருந்தது. "மகள் சித்திரக்கதை எழுதுறா. இஞ்ச பாருங்கோ, இது நான்" என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அந்தப் புத்தகம் ஓரளவு ஓடியது. பிறகுதான் சொந்தமாக ஒரு அனிமேஷன் குறும்படம் செய்யும் வாய்ப்பு வந்தது. தயாரிப்பாளர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, நல்லவர், வேகமாகப் பேசுபவர். என் கதையைக் கேட்டுவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

"நெடுந்தீவில் கோடை காலம். இரண்டு கிழட்டுப் பெண்குதிரைகள் தண்ணீர் தேடிப் போகின்றன. வழியெல்லாம் சண்டை பிடிக்கின்றன" என்று மறுபடியும் சொன்னேன்.

"போர்?" என்றார்.

"இதில் போர் இல்லை."

"நீங்கள் அங்கிருந்து வந்தவர். பார்ப்பவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள்."

எங்கள் குடும்பத்திலும் இழப்பு உண்டு. அம்மாவின் தம்பி ஒருவரின் படம் எங்கள் வரவேற்பறையில் மாலையோடு இருக்கிறது. அதை வரையும் நாள் வந்தால் வரைவேன், ஆனால் எனக்கு இப்போது வரும் கதை இதுதான் என்று சொன்னேன். தீவில் இருப்பவர்களும் மற்றவர்களைப் போலத்தான் பகலெல்லாம் சின்ன விஷயங்களுக்குச் சண்டை பிடிக்கிறார்கள், அதை யாரும் வரையவில்லை என்றும் சொன்னேன். அவர் "குதிரைகள் எந்த மொழியில் சண்டை பிடிக்கும்?" என்று கேட்டார். தமிழில் என்றேன். கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும். சரி என்றார்.

அப்படித்தான் அம்மாவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மூத்த குதிரைக்கு அம்மா, இளைய குதிரைக்குச் சின்னம்மா குரல் கொடுப்பதாகத் திட்டம்.

முதலில் நான் அந்தத் தீவில் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் குதிரைகளைப் பார்க்கவேண்டியிருந்தது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். கடல் கொஞ்சம் குழம்பியிருந்தது. காலையில் சாப்பிட்ட புட்டு எனக்குத் தன்னை அடிக்கடி ஞாபகப்படுத்தியது. தெற்குப் பக்கமாக, கற்களை அடுக்கிய வேலிகளைத் தாண்டிப் போனால் காய்ந்த வெளி. குதிரைகள் அங்கே நின்றன. நின்றுகொண்டே இருந்தன. மத்தியான வெயிலில் அவை ஓர் அடியும் எடுத்துவைப்பதாக இல்லை. எனக்குத் தேவை நடை.

ஓர் உயிரின் நடை பிடிபடாவிட்டால் அதை நாமே நடந்து பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மண்ணில் கையையும் முழங்காலையும் ஊன்றினேன். பின் இடது கால், முன் இடது கால், பின் வலது, முன் வலது என்று சொல்லிக்கொண்டு வேலியோரமாகத் தவழ்ந்தேன். தலையையும் ஆட்டினேன்.

புல்லுக்கட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, தோடு துலைச்சுப்போட்டீரோ?"

அந்த நேரம் பார்த்து எனக்குத் தமிழ் நின்றுவிட்டது. "இல்லை அண்ணை, குதிரை..." என்றேன்.

"குதிரை தட்டி விழுத்திப்போட்டுதோ? அடக் கடவுளே!" என்று மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரும் குனிந்து மண்ணைக் கிளறத் தொடங்கினார். தண்ணீர்க் குடங்களோடு வந்த இரண்டு பெண்கள் குடங்களை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். "ஒத்தைத் தோடோ, சோடியோ?" என்று ஒருவர் கேட்டார். "கல்லு வைச்சதோ?" என்று மற்றவர். நான் விளக்க முயன்றேன்; யாரும் கேட்கும் நிலையில் இல்லை. நால்வருமாக அந்த வேலியோரத்தைத் துப்புரவாகத் தேடினோம். கடைசியில் ஒரு பெண் இடுப்பை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"உவவின்ர காதில ரெண்டும் கிடக்கெல்லோ!"

எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. நான் யார், என்ன வேலை செய்கிறேன், ஏன் தவழ்ந்தேன் என்று முதலிலிருந்து சொன்னேன்.

"அப்ப நீர் குதிரையா நடந்தனீரோ?" என்றார் அந்த அண்ணை.

"ஓம் அண்ணை."

"பிரான்சில இதுக்குப் படிப்பும் இருக்கோ?"

"ஓம் அண்ணை. ஐஞ்சு வருசம்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அண்ணை சிரிப்பை அடக்கி, "வெயில் தாழக் குதிரையள் தண்ணிக்கு வருங்கள். அப்ப வடிவாப் பாக்கலாம். வாரும்" என்று கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாயும்போது குதிரைகள் ஒரு தண்ணீர்க் குட்டையை நோக்கி வரிசையாக வந்தன. அவற்றில் இரண்டு வயதான பெண்குதிரைகள். ஒன்று குனிந்தால் மற்றது அதன் கழுத்தைக் கடிக்கும். அது விலகினால் இது பின்னாலேயே போகும். ஒன்றையொன்று விட்டு அவை ஒருபோதும் தூரப் போகவில்லை. நான் வரைந்த வேகத்தில் பென்சில் முனை இரண்டுமுறை முறிந்தது.

நடை கிடைத்துவிட்டது. இனிக் குரல்.

சின்னம்மாவின் படுக்கையறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினோம். எதிரொலி வராமலிருக்க அலுமாரியிலிருந்த சேலைகளை எல்லாம் எடுத்துக் கயிறு கட்டிச் சுற்றிவரத் தொங்கவிட்டோம். யன்னலைப் பூட்டினோம். அப்படியும் நாங்கள் தொடங்கும் நேரம் பார்த்துப் பாண், பணிஸ் விற்கும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துவிடும்.

பாண்காரரைவிடப் பெரிய பிரச்சினை சின்னம்மாதான். அவர் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். ஒலிவாங்கியைக் கண்டதும் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, வேறு ஆளாக மாறிவிடுவார். "தண்ணி எங்க இருக்கெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்று நான் எழுதிக் கொடுத்ததை, "நீர் எங்கு உள்ளதோ நான் அறியேன்" என்று கணீரென்று சொன்னார்.

"சின்னம்மா, இது குதிரை. சும்மா கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ."

"மைக்குக்கு முன்னால கண்டபடி கதைக்க ஏலாது பிள்ளை. நாலு பேர் கேக்கிறது."

அம்மாவோ நேர்மாறு. ஒலிவாங்கிக்குப் பயந்து ரகசியம் சொல்வதுபோல முணுமுணுத்தார். பல நாள் இப்படியே போனது. ஒரு குதிரை பிரசங்கம் வைத்தது, மற்றது பாதிரியாரின் காதில் பாவசங்கீர்த்தனம் செய்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் களைத்துப்போய் அந்த அறைக்குள்ளேயே தேத்தண்ணி குடித்தோம். கருவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தொங்கிய சேலைகளில் ஒன்றைத் தடவிப் பார்த்து, "இப்பிடி ஒரு நீலச் சேலைதானே அண்டைக்குச் சேறாப் போனது" என்றார்.

"போனதில்லை. போக்காட்டினது" என்றார் சின்னம்மா.

"ஆர் போக்காட்டினது?"

"நீங்கள்தான். முன்னுக்கு இருந்து சைக்கிள் உழக்கினது ஆர்? நானோ?"

"நான் உழக்கினனான். ஆனால் பின்னுக்கு இருந்து ஆட்டினது நீயெல்லே! ஒழுங்கா இரு, இரு எண்டு சொன்னனான்."

"வேலணைத் தரவையைக் கண்டவுடன கையை விட்டு ஓடினது ஆரக்கா? ஒரு ஆளும் பாக்காத இடத்தில உங்களுக்கு என்ன நடப்பு?"

"விசர்க்கதை கதைக்காதை! நான் கையை விடேல்லை!"

குமரிகளாக இருந்தபோது இருவரும் ஒரு சைக்கிளில் வேலணைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வழியில் தரவை என்கிற தாழ்ந்த புல்வெளியின் சேற்றுக்குள் விழுந்திருக்கிறார்கள். யாரால் விழுந்தது என்பது இத்தனை வருடமாகத் தீராத வழக்கு. அன்று அது மறுபடியும் விசாரணைக்கு வந்தது. ஒருவர் கத்த மற்றவர் குறுக்கே விழுந்தார். பாண்காரர் கூட வரவில்லை. நான் கருவி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஓய்ந்த பிறகு, முழுவதும் பதிவாகிவிட்டது, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"என்ர குரல் இவ்வளவு கீச்செண்டோ?" என்றார் சின்னம்மா. பிறகு திருப்தியாகத் தலையாட்டினார். "ஆனால் அக்காவிலதான் பிழை எண்டு இதில வடிவா விளங்குது. படத்தில போடு."

"நானும் அதைத்தான் சொல்லுறன்" என்றார் அம்மா. "போடு பிள்ளை. கேக்கிறவைக்கு விளங்கட்டும், ஆரில பிழை எண்டு."

நான் கதையை அன்றே மாற்றினேன். குதிரைகள் தண்ணீருக்குப் போகும் வழியில் சேற்றில் விழுகின்றன. மிச்சத் தூரம் முழுக்க யாரால் விழுந்தது என்ற சண்டை. அதன் பிறகு இருவருக்கும் ஒரு வரியும் எழுதிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. சைக்கிள் என்று வரும் இடங்களை மட்டும் வெட்டினேன்.

பாரிஸில் எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவர் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சின்னம்மாவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தந்த ஒலிக்குக் குதிரை வாயை எப்படித் திறக்கும் என்று வரைந்தார்கள். அந்த வேலை பல மாதம் போனது. ஒரு நாள் தயாரிப்பாளர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் காட்சியை முடிக்கலாமா என்று கேட்டார். மூலையில் இருந்த பிரிட்டானிப் பிரதேசத்துப் பையன் தலையை நிமிர்த்தாமல், சின்னம்மாவின் அதே இழுப்போடு, "ஏலாது!" என்றான். பிறகு அது எங்கள் குழுவின் சொல்லாகவே ஆகிவிட்டது. நாங்கள் பணம் கேட்டுப் போகும்போதெல்லாம் தயாரிப்பாளரும் எங்களுக்கு அதையே சொன்னார்.

படம் முடிந்ததும் ஊரில் காட்டவேண்டும் என்று சின்னம்மா பிடிவாதமாக இருந்தார். பங்குக் கோயில் மண்டபத்து யன்னல்களைப் படுக்கை விரிப்புகளால் மூடி இருட்டாக்கினோம். கதிரைகள் போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். நெடுந்தீவிலிருந்து அந்த அண்ணையும் வந்திருந்தார். அம்மாவும் சின்னம்மாவும் முன்வரிசையில், கரை போட்ட சேலைகளோடு.

முதல் குதிரை வாய் திறந்ததுமே மண்டபம் ஆரவாரித்தது. "உவ எங்கட பூசையில வாசகம் வாசிக்கிற ஆளெல்லோ!" என்று யாரோ கத்தினார்கள். குதிரைகள் சேற்றில் விழுந்தபோது கூரை அதிரச் சிரித்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், பின்வரிசையிலிருந்து ஒரு வயதான ஐயா எழும்பினார். முன்பு சம்மாட்டியாக, சொந்த வள்ளங்கள் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்பியவர், அமைதியானவர்.

"படம் நல்லம். நான் ஒண்டு கேக்கவேணும்" என்றார். "உது வேலணைத் தரவைக்குள்ள நடந்த கதைதானே?"

அம்மாவும் சின்னம்மாவும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆர் உழக்கினது, ஆர் ஆட்டினது எண்டு சண்டை பிடிக்கிறியள். அந்தச் சைக்கிள் ஆரின்ர எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அது என்ரை. வேலியில சாத்தி வைச்சிருந்தனான். பிறகு பாத்தால் அதே வேலியில நிக்குது, முழுக்கச் சேறு, ஹாண்டில் கோணல். இத்தனை வருசம் நான் மாடு முட்டினது எண்டெல்லோ நினைச்சனான்!"

மண்டபம் வெடித்தது. அந்த இரண்டு பெண்களும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். "அது ஏற்கெனவே கோணல்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஐயா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு மூவரும் ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்து, அந்தக் காலத்து ஆட்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். யன்னல் விரிப்புகளை நான் தனியாகத்தான் கழற்றினேன். கழற்றும்போது எனக்குள் ஒரு நிறைவு. பிரான்ஸில் எத்தனையோ பேர் என் புத்தகங்களைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் செய்த ஒன்றைப் பார்த்து ஒரு மண்டபமே மொழிபெயர்ப்புத் தேவைப்படாமல் சிரித்தது அதுதான் முதல்முறை.

பிரான்ஸிலும் படம் நன்றாகவே போனது. சில ஊர்களில் காட்டினார்கள்; பிள்ளைகள் சேற்றுக் காட்சியில் கதிரைகளைத் தட்டினார்கள். இப்போது அதே குதிரைகளை வைத்து முழுநீளப் படம் ஒன்று செய்யும்படி கேட்டிருக்கிறார்கள். வருடத்தில் பாதியை நான் ஊர்காவற்றுறையில் கழிக்கிறேன், சின்னம்மாவின் முன்னறையில் ஒரு மேசை போட்டு. காரைநகரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு கரைக்கு வரும் சத்தம் கேட்டால் காலையாகிவிட்டது என்று அர்த்தம்.

புதுப் படம் எப்போது வரும் என்று சின்னம்மா கிழமைக்கு ஒருதரம் கேட்கிறார். மூன்று வருடமாவது போகும் என்று சொன்னால், உண்மையா என்று பாரிஸுக்குப் போன் எடுத்து அம்மாவிடமும் விசாரிக்கிறார். நேற்று நல்ல வெயில். ஐஸ்கிறீம் வான் மணியடித்துக்கொண்டு வாசலில் நின்றது. நான் இரண்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சின்னம்மா ஆசையோடு பார்த்துவிட்டு, கழுத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை, நீயே ரெண்டையும் சாப்பிடு. நான் இனிக் குரலைப் பாக்கவேணும்."